பெயரில்லாத ஃபங்ஷன், முகவரி இல்லாத பிழை

கேள்வி: எங்கள் ஷூ கம்பெனியின் ஸ்டாக் கணக்கு புரோகிராம் அடிக்கடி நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியில் ‘அனானிமஸ், வரி 1’ என்று மட்டுமே வருகிறது. தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தோல் தொழில் தெரிந்த உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். சுண்ணாம்பு, குரோம் எல்லாம் கண்டு டிரம்மில் உருண்டு வந்த தோலைப் பார்த்து, அது எந்த லாட் என்று சொல்ல முடியுமா? முதலிலேயே எண் குத்தியிருந்தால்தான் உண்டு.

நிரலும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்கும்போது மொத்த நிரலும் ஒரே வரியாகிவிடுகிறது. ‘வரி 1’ வருவது அதனால்தான். எந்த இடம் மூலத்தில் எந்த வரி என்று சொல்லும் ‘சோர்ஸ் மேப்’ ஃபைலைக் கூடவே உருவாக்க வேண்டும். சி++ என்றால் ‘-ஜி’ என்ற சுவிட்ச் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். வரி எண்கள் உள்ளேயே பதிவாகும்.

ஜாவா, கோ மொழிகளின் கம்பைலர்கள் பெயரில்லாத (‘அனானிமஸ்’) ஃபங்ஷனுக்குத் தாங்களே பெயர் சூட்டும். கோ மொழியில் ‘மெயின்.மெயின்.ஃபங்க்1’ என்பதுபோல வரும். அந்த 1-ஐ நம்பாதீர்கள். அதற்கு மேலே பெயரில்லாத இன்னொரு ஃபங்ஷன் நுழைந்தால் அது 2 ஆகிவிடும். பக்கத்திலுள்ள ஃபைல் பெயரையும் வரி எண்ணையும் பாருங்கள்.

இன்னொன்று: போன மாத சோர்ஸ் மேப் இந்த மாத ரிலீஸுக்கு உதவாது, தவறான வரியைத் துணிந்து காட்டும்! ஒவ்வொரு ரிலீஸின் மேப்பையும் தனியே எடுத்து வையுங்கள்.