சிங்க் போட்டால் பேக்கப் ஆகிவிடுமா?

நம்பிக்கை: பிரவுசரில் சிங்க் போட்டிருக்கிறேன், தனியாக பேக்கப் எதற்கு?

உண்மை: போன், கணினி எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் சிங்கின் வேலை. ஓரிடத்தில் சேர்த்தால் எல்லா இடத்திலும் சேரும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். என் அத்தை பல வருடமாகக் கோலம், சமையல் என்று புக்மார்க் சேர்த்து வைத்திருந்தார். போனில் இடத்தை அடைக்கிறதோ என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் அங்கேயும் காணோம். "இதை நான் தொடவே இல்லையேடா" என்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு.

அவர் வைத்திருந்தது ஃபயர்பாக்ஸ். கணினியில் அது புக்மார்க்குகளைத் தானாகவே தேதிவாரியாக எடுத்து வைக்கும். 15 பிரதிகள் வரை இருக்கும். புக்மார்க் நிர்வாகப் பக்கத்தில் முந்தின நாள் தேதியைத் தேர்ந்து மீட்டதும் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் அந்தப் பிரதிகளும் அதே கணினியில்தான் கிடக்கின்றன. டிஸ்க் போனால் அவையும் போச்சு.

நம்பிக்கை: பிரவுசர் ஃபோல்டரை பென் டிரைவில் போட்டுவிட்டால் பாஸ்வேர்டும் வந்துவிடும்.

உண்மை: பிரவுசருக்குப் பிரவுசர் வேறு. ஃபயர்பாக்ஸில் பாஸ்வேர்டுகள் ஒரு ஃபைலிலும், அதைத் திறக்கும் சாவி இன்னொரு ஃபைலிலும் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. பிரவுசரை மூடிவிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக எடுங்கள். விண்டோஸில் குரோம், பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு சேர்த்துப் பூட்டுகிறது. ஃபோல்டரை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திறக்காது. அதனால் பாஸ்வேர்டை எக்ஸ்போர்ட்தான் செய்ய வேண்டும். அந்த ஃபைலுக்குப் பூட்டே கிடையாது, திறந்தவர் எவரும் படிக்கலாம். தயவுசெய்து அதை டவுன்லோட்ஸில் விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கிறது, பயமில்லை.

உண்மை: செருகியே இருப்பதுதான் பயம். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), கணினியோடு இணைத்திருந்த டிஸ்க்குகளில் உள்ள ஃபைல்களையும் சேர்த்தே பூட்டியது. காப்பி முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

நம்பிக்கை: பேக்கப் தினமும் ஓடுகிறது, வேறென்ன வேண்டும்?

உண்மை: அதிலிருந்து ஒரு ஃபைலையாவது எடுத்துத் திறந்து பார்த்தீர்களா? 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தால், அது வாரக்கணக்கில் சரியாக வேலை செய்யவே இல்லை. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கைகொடுத்தது படக்குழுவில் இருந்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினி. பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு பிரதியை அதில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.