என்ஜினில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார் என்ஜினின் மேல் படியும் கறுப்புப் பிசுக்கு, உள்ளிருந்து கசியும் எண்ணெயும் சாலைத் தூசியும் ஈரமும் சேர்ந்து இறுகியது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தூசிக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. கடல் அருகில் இருப்பதால் காற்று ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகின்றன. நகரப் பேருந்துகளும் ‘சாலை’ எனப்படும் சந்தைக்கு வரும் சரக்கு வண்டிகளும் கிளப்பும் தூசி பானெட்டுக்குள் புகுந்து, எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதை நீக்குவது பற்றிப் பரவியிருக்கும் நம்பிக்கைகளில் சில வண்டிக்கும், சில ஊருக்கும் கேடு செய்பவை.

நம்பிக்கை: என்ஜினில் தண்ணீரே படக்கூடாது.

உண்மை: மழையில் ஓடும் எந்த வண்டியின் என்ஜினிலும் தண்ணீர் தெறிக்கத்தான் செய்கிறது. அதைத் தாங்கும்படியே என்ஜின் அறை அமைக்கப்படுகிறது. ஆனால் எல்லாப் பாகமும் ஒரே அளவு தாங்குவதில்லை. ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, கட்டுப்பாட்டுக் கணினி, இக்னிஷன் காயில், சென்சார் கப்ளர்கள், காற்று உள்ளே போகும் வழி ஆகியவற்றை பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, மற்ற இடங்களில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றலாம். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றின் பக்கம் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் போகக்கூடாது.

நம்பிக்கை: பிரஷர் பம்பால் அடித்தால்தான் பிசுக்கு போகும்.

உண்மை: சென்சார்களிலும் கப்ளர்களிலும் பரவலாகக் காணப்படும் ஐபி 67 என்ற தரக்குறியீடு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் உள்ளே நீர் புகாது என்பதைக் குறிக்கிறது. அழுத்தத்தோடு பாயும் நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருளில்லை. அதற்கான சோதனை தனி: ஐபி 69கே குறியீட்டுக்கு, 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 80 டிகிரி வெந்நீரை நெருக்கத்தில் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். அத்தகைய காப்பு இல்லாத கப்ளரின் ரப்பர் சீலைத் தாண்டி நீர் போனால், முனைகள் மெல்லப் பச்சை பூத்து அரிக்கும். பிளக் குழிக்குள் நீர் தேங்கினால் என்ஜின் ஒரு சிலிண்டரை விட்டுவிட்டு ஓடி உதறும். கோளாறு உடனே தெரியாமல் வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவதால், காரணம் அந்தக் கழுவல்தான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நம்பிக்கை: பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவையே நல்ல கரைப்பான்கள்.

உண்மை: கிரீஸை அவை கரைக்கும். ஆனால் பெட்ரோல், சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் என்ஜின் அறையின் அடியில் தங்கி நிற்கும். மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி. ஓடி நின்ற என்ஜினோ 90 டிகிரியை ஒட்டி இருக்கும். புகைபோக்கிக் குழாய் அதைவிடப் பல மடங்கு சூடு. கூலன்ட் குழாய்கள் பெரும்பாலும் செய்யப்படும் ஈபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி நைந்துபோகும். டீசலும் மண்ணெண்ணெயும் காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால், அடுத்த தூசி அதன் மேலேயே படியும்.

நம்பிக்கை: சூட்டோடு சூடாகக் கழுவினால் எளிதில் போகும்.

உண்மை: கை வைத்தால் தாங்கும் அளவு வெதுவெதுப்பு போதும். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். டீகிரீசரும் வேலை செய்யும் முன்னே காய்ந்து கறையாகிவிடும்.

நம்பிக்கை: காரம் கூடினால் சுத்தமும் கூடும்.

உண்மை: காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியமே. அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கப்படும், நீரில் கலக்கும் டீகிரீசரே பாதுகாப்பானது.

நம்பிக்கை: பளபளக்கும் என்ஜின் நல்ல என்ஜின், அதனால் மைலேஜும் கூடும்.

உண்மை: தண்ணீரால் குளிரும் கார் என்ஜினில் வெளிப்பிசுக்கு மைலேஜை மாற்றுவதில்லை. காற்றால் குளிரும் ஸ்கூட்டர், ஆட்டோ என்ஜின்களின் தகடுகளில் சேறு அடைத்தால் மட்டும் சூடு ஏறும். காரில் கவனிக்க வேண்டியது கசிவு. ஹெட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், டிரெயின் போல்ட் ஆகியவை வழக்கமான இடங்கள். பிசுக்கைத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்த்தால், புதிய ஈரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். பழைய கார் வாங்குவோர், புதிதாகக் கழுவிய என்ஜினைக் கண்டால் ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி பார்க்கக் கேட்பது நல்லது.

நம்பிக்கை: கழுவிய நீர் ஓடையோடு போய்விடும்.

உண்மை: மறைந்து போவதில்லை; ஊரின் கால்வாய்களிலும் காயலிலும்தான் சேர்கிறது. தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதியில் மழைநீர் தேங்குவதைத் தீர்க்க, 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் கால்வாய்களை மீட்க வேண்டிவந்தது. தம்பானூர் வழியாக ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை ஆக்குளம் காயலை நோக்கிச் செல்கிறது. சோப்போடு கலந்த எண்ணெய் மேலே மிதக்காமல் நீரோடு ஒன்றிவிடுவதால், பின்னர் பிரித்தெடுப்பது கடினம். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய அரசின் பொதுவரம்பு. பயன்படுத்திய என்ஜின் எண்ணெய், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, அபாயக் கழிவு.

சரியான முறை எளியது. என்ஜின் ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, மின்பாகங்களை மூட வேண்டும். கெட்டியான பிசுக்கை முதலில் மரக்குச்சியால் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டால் பாதி வேலை நீரின்றியே முடியும். பிறகு டீகிரீசர் தெளித்து, பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் எடுத்துவிடலாம். கடலோர ஈரக் காற்றில் காய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், பானெட்டைத் திறந்து வைத்து நன்றாக உலர்ந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எண்ணெய் ஊறிய துணியையும் சுரண்டிய பிசுக்கையும் தனி டின்னில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாக ஒப்படைக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால், எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். தெருவோர ஓடைக்கு மேல் நிறுத்திக் கழுவக்கூடாது.