நாயின் கண்மட்டத்தில் ஒரு தொழில்

நாய்களைப் படமெடுத்துப் பிழைக்க முடியுமா? முடியும். அதற்காக மீஞ்சூரிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் நாளைக்கே வேலையை விட்டுவிட வேண்டாம். வார விடுமுறையில் தொடங்குங்கள். காட்டுவதற்குப் படங்களும், திரும்பக் கூப்பிடும் வாடிக்கையாளர்களும் சேர்ந்த பிறகு முழுநேரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

பலர் தொடங்கும் வரிசையே தவறு என்பது என் உறுதியான எண்ணம். தவணையில் நல்ல கேமரா வாங்கி, சென்னை நாய்க் கண்காட்சிக்குப் போய், கோப்பை வாங்கிய நாய்களை எடுத்துப் போட்டால் வேலை தேடிவரும் என்று நம்புகிறார்கள். கண்காட்சி கடைசிப் படி. முதல் படி, மீட்கப்பட்ட நாய். அது போஸ் கொடுக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. கையை உயர்த்தினாலே ஒடுங்கும். அதை ஒரு நல்ல படம் எடுக்கத் தெரிந்தவருக்கு ஓடும் நாயும் மேடை நாயும் பழகிவிடும். அதோடு, கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் சரியில்லை என்றால் இன்னொன்றை வைக்கலாம். தத்து அறிவிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் போனை எடுக்கும்.

காப்பகத்தில் தொடங்குங்கள்

சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை ஆரம்பித்துவிட்டது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆனது. இன்று கிண்டியில் புளூ கிராஸ், நம் பக்கம் செங்குன்றத்தில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ், அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு மருந்தகம் எனப் பல இடங்களில் நாய்கள் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு மருந்து போடவும் சோறு வைக்கவுமே நேரம் போதாது. படம் எடுக்க ஆள் இருக்காது.

அங்கே போய் "இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை வருவேன், தத்துக்குத் தயாரான நாய்களை மட்டும் எடுப்பேன், இரண்டு நாளில் படங்களை அனுப்பிவிடுவேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். காப்பகம் நம்புவது தவறாமல் வரும் ஆளைத்தான்.

அமெரிக்காவில் தத்து இணையதளத்து நாய்ப் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, படத்தின் தரத்துக்கும் தத்துப் போகும் வேகத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நாய் கேமராவைப் பார்ப்பது, நின்றுகொண்டிருப்பது, வெளிப்புறத்தில் எடுத்திருப்பது, மங்கல் இல்லாமல் இருப்பது ஆகியவை உதவின. செத் காஸ்டீல் என்ற புகைப்படக்காரர் லாஸ் ஏஞ்சலஸ் காப்பக நாய்களைச் சும்மா எடுத்துக்கொடுக்கத் தொடங்கியவர். பந்துக்காகத் தண்ணீருக்குள் பாயும் நாய்களை எடுத்து 2012இல் அவர் வெளியிட்ட நூல் உலகமெங்கும் விற்றது. காப்பகத்தில் கற்ற பொறுமை அவருக்குத் தொழிலாகவும் ஆனது.

உள்ளே போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நாய்க்கு லென்ஸ் என்பது இமைக்காமல் முறைக்கும் பெரிய கண். தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள்; முகத்துக்கு நேராகக் குனியாதீர்கள். அதுவாக வந்து உங்களை மோந்து பார்க்கட்டும், கேமராவையும் மோந்து பார்க்கட்டும். ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பசியோ தூக்கமோ இல்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, வாலைக் காலுக்குள் சொருகுவது: இவை 'போதும்' என்று நாய் சொல்லும் வழிகள். உடனே நிறுத்தி விலகி உட்காருங்கள். அன்று படம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

கூண்டுக் கம்பிக்குப் பின்னால் இருந்து எடுத்த படம் பரிதாபத்தைக் கொண்டுவரும், வீட்டைக் கொண்டுவராது. பராமரிப்பாளர் பிடித்த கயிற்றோடு மரநிழலுக்கோ சுத்தமான சுவரின் பக்கமோ கூட்டி வாருங்கள். ஒரு அடையாளப் படம், பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய ஒன்று, ஒரு மனிதரின் முழங்காலுக்கு அருகில் ஒன்று எடுங்கள். நாய் எவ்வளவு உயரம் என்பது அந்தக் கடைசிப் படத்தில்தான் புரியும். சின்ன ஃப்ளாட்டில் இருப்பவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

கறுப்பு நாய்க்குத் தனிக் கவனம் தேவை. கறுப்பு உடம்பு சட்டத்தை நிறைத்தால் கேமரா அதை வெளுப்பாக்கி விடும். கேமராவில் வெளிச்ச அளவை அரைப் படி (ஸ்டாப்) குறையுங்கள். திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிழலின் ஓரத்தில் நிறுத்தினால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கறுப்பு நாய் படத்தில் வெறும் உருவமாகி விடுகிறது.

புண்ணோடு வந்த நாய்க்கு இரண்டு தொகுப்பு எடுங்கள். காயத்தின் படங்கள் மருத்துவருக்கும் நன்கொடைக் கணக்குக்கும். அவற்றைத் தத்து அறிவிப்பில் போடாதீர்கள். நாய் எந்தத் தெருவில் கிடைத்தது, யார் வீட்டில் தங்கியிருக்கிறது என்பதையும் வெளியிடாதீர்கள். அந்த வாசலில் குட்டிகளை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் மீஞ்சூர் வட்டாரத்துச் சாலையில்

வள்ளூரில் தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் சேர்ந்து அமைத்த 1,500 மெகாவாட் நிலையம், பக்கத்தில் காமராஜர் துறைமுகம், இடையில் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் ஒரு மணியோ டைகரோ பொறைக்காகக் காத்திருப்பான். நல்ல படங்கள் இருக்கும் இடம்தான். ஆனால் நிலையம், துறைமுகம், ஆலை ஆகியவற்றின் வாயிலை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். அனுமதியில்லாமல் எடுத்தால் கேமராவோடு உங்கள் வேலைக்கும் ஆபத்து. ட்ரோன் நினைப்பே வேண்டாம்.

நாயைச் சாலையோரத்துக்கு இழுக்கும் எதையும் செய்யாதீர்கள். ஒரு பிஸ்கட்டுக்காக அது லாரிக்குக் குறுக்கே பாயும். தெருநாய்க்குக் கண்ட இடத்தில் உணவு போடக்கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காதில் வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடை ஆன நாய். அந்தக் காது படத்தில் தெளிவாகத் தெரியட்டும். உள்ளாட்சியிடம் பேசும் விலங்கு ஆர்வலர்களுக்கு அது ஆதாரமாகும்.

காற்றில் சாம்பலும் கரித்தூளும் பறக்கும் ஊர் இது. திறந்த வெளியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் அது படியும். வீட்டிலேயே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "அண்ணே, இவன் யாரையும் கடிக்க மாட்டான்" என்று எல்லோரும் சொல்வார்கள். நாய்களோடு வாரம்தோறும் வேலை செய்யப் போகிறவர், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசியை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டிருந்தாலும், பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடிய விஷயம் இது இல்லை.

ஓடும்போது

வீட்டு நாய் விளையாடும் படங்களுக்குத்தான் காசு கொடுக்க ஆள் உண்டு. இடம் தேடி அலைய வேண்டாம். தை, மாசியில் அறுப்பு முடிந்த பொன்னேரிப் பக்கத்து வயல்கள் அருமையான மைதானம். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் கடலோர மணல் நல்லது. ஆனால் ஏரிப் பக்கம் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். அது பறவைகள் சரணாலயம். குளிர்மாதங்களில் பூநாரைகள் இரை தேடும் இடம்.

கோடையில் காலை ஏழரைக்கு மேல் வெளிச்சம் கடுமையாகிவிடும், தரையும் சுடும். புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

துள்ளி நடக்கும் நாய்க்கு ஷட்டர் வேகம் 1/1000, முழு ஓட்டத்துக்கு 1/2000. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடுங்கள். விலங்குகளின் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் வசதியை 2019இல் சோனி கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களின் கேமராக்களிலும் வந்துவிட்டது. அது இல்லாத பழைய கேமராவிலும் நல்ல படம் வரும். முதல் சில வாரங்கள் பக்கவாட்டு ஓட்டத்தை மட்டும் எடுங்கள். நேராக உங்களை நோக்கி ஓடிவரும் நாய்தான் மிகக் கடினம். கையில் போன் மட்டும் இருந்தால் அதைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்கு அருகில் வரும், நாயின் கண்மட்டம் கிடைத்துவிடும்.

அந்த மட்டத்தின் வலிமையை அறிய எலியட் எர்விட் 1974இல் நியூயார்க்கில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். தொப்பி போட்ட குட்டி நாய் ஒன்று, பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்கடுத்து ஒரு பெரிய நாயின் கால்கள். மனித முகமே இல்லாத படம். நாய் பார்க்கும் உலகம் அதில் முழுதாக இருக்கிறது.

இரண்டு நாய்கள் விளையாடும்போது, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்தி ஒன்று மற்றொன்றை அழைக்கும். அதைப் பார்த்ததும் விரல் தயாராகட்டும், அடுத்த நொடி பாய்ச்சல். பாய்ந்து உருளும்போது பல் தெரியும்; விளையாட்டுதான். உடம்பு விறைத்து இரண்டும் அசையாமல் நின்றால் கேமராவை இறக்கி உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

கண்காட்சி வளையம்

இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. சென்னையில் குளிர்மாதங்களிலும் ஊட்டியில் மே மாதத்திலும் கண்காட்சிகள் நடக்கும். கண்காட்சி நடத்தும் கிளப்பின் செயலாளரிடம் முன்னதாக அனுமதி கேளுங்கள். வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். நடுவர் பார்க்கும்போது நாயின் கவனத்தை இழுக்க எந்தச் சத்தமும் எழுப்பாதீர்கள். ஒரு நாயின் பல மாதப் பயிற்சி அதில் கெட்டுப்போகும்.

இங்கே அழகான படம் இரண்டாம்பட்சம். வளர்ப்பவர் கேட்பது உடலமைப்பு. நாய் பக்கவாட்டில் நிற்கும்போது உங்கள் லென்ஸ் அதன் தோள் உயரத்தில், சரியாக நடு உடம்புக்கு நேராக இருக்க வேண்டும். அருகில் போய் அகல லென்ஸில் எடுத்தால் தலை பெருத்து இடுப்பு சிறுக்கும். 70–200 லென்ஸோடு தள்ளி நில்லுங்கள். நான்கு பாதங்களும் தெரிய வேண்டும். புல்லுக்குள் மறைந்தால் படம் வீண்.

நம் நாட்டு இனங்களை எடுக்கத் தெரிந்தவருக்குத் தனி இடம் உண்டு. வெளிநாட்டு இனங்களை எடுக்கப் பலர் இருக்கிறார்கள். கன்னி இன நாயின் மெல்லிய உடற்கோட்டை அறிந்து எடுப்பவர் குறைவு. ராஜபாளையம் 2005 ஜனவரியில் வெளிவந்த அஞ்சல்தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய இனங்களில் ஒன்று. பால் வெள்ளை, அது சட்டத்தை நிறைத்தால் கேமரா சாம்பலாக்கிவிடும், அதனால் வெளிச்சத்தை அரைப் படியிலிருந்து ஒரு படிவரை கூட்டுங்கள். நாய் சிறிதாகவும் பின்னணி இருட்டாகவும் இருந்தால் தலைகீழ், குறையுங்கள். இல்லையென்றால் முதுகு முழுதும் வெளுத்து முடியே தெரியாது. இளஞ்சிவப்பு மூக்கின் நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். இனத்தின் அடையாளம் அது. சிப்பிப்பாறையை நடையில் எடுங்கள். நிற்கும்போது ஒல்லியாக மட்டும் தெரியும் உடம்பு, நடக்கும்போது எதற்காக அப்படி இருக்கிறது என்பது புரியும். தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்துவிட்டுப் போனால் வளர்ப்பவர்களிடம் பேசவும் முடியும்.

காதை வெட்டி வாலை நறுக்கிய நாய்க்குட்டிகளை விற்பவர் விளம்பரப் படம் கேட்டு வருவார். 2017இன் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் அதைத் தடுக்கின்றன. மறுத்துவிடுங்கள். அந்தப் படத்தில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது.

காசு

முதல் வாடிக்கையாளர்கள் கால்நடை மருத்துவர், நாய்ப் பயிற்சியாளர், நாய் உணவுக் கடை வழியாக வருவார்கள். உங்கள் படம் ஒன்றைச் சட்டமிட்டு மருத்துவர் அறையில் மாட்டக் கொடுங்கள். காத்திருக்கும் ஒவ்வொருவரும் வேறு வேலையில்லாமல் அதைப் பார்ப்பார்கள். அருகில் உள்ள ஆலைகளின் சமூகப் பொறுப்புப் பிரிவிடமும் போங்கள். காப்பக நாள்காட்டிக்கான அச்சுச் செலவை ஏற்கச் சொல்லலாம், உங்கள் கூலியைத் தனியாகக் கேட்கலாம்.

விலையை நேரத்துக்குச் சொல்லுங்கள், படத்தின் எண்ணிக்கைக்குச் சொல்லாதீர்கள். பயணம், எடுக்கும் நேரம், திருத்தும் நேரம் மூன்றையும் கூட்டுங்கள். அச்சுக்குத் தனி விலை. பாதி முன்பணம் வாங்குங்கள். மழை வந்தாலோ நாய்க்கு உடம்பு சரியில்லை என்றாலோ வேறு நாள் தருவதாக எழுதிக்கொடுங்கள்.

எழுத்தில் இன்னொன்றும் அவசியம். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்கிறது 1957இன் பதிப்புரிமைச் சட்டம். உங்கள் சொந்தப் பக்கத்தில் போடவும் போட்டிக்கு அனுப்பவும் வேண்டுமானால் அதை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காப்பகத்துக்கு இலவசமாக எடுக்கும் படங்களுக்கும் அப்படியே ஒரு கடிதம் வாங்குங்கள்: தத்துக்கு அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், விற்பனைக்குக் கொடுப்பதானால் உங்களைக் கேட்க வேண்டும். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதை வைத்து வங்கியில் தொழில் கணக்கு தொடங்குங்கள். பெரிய லென்ஸை வாங்கும் முன் இரண்டு மூன்று வேலைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அந்த வேலைகளின் வரவு வாடகையைத் தாண்டினால் வாங்கலாம்.