வந்தவர்கள் நட்ட ஊர்

கீழ்பென்னாத்தூர்,
மார்கழி.

அன்புள்ள தேன்மொழிக்கு,

மாமா எழுதுவது. பள்ளியில் கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் வந்து சேர்வதற்குள் உன் அம்மா போன் போட்டு, "அண்ணா, நீ பாட்டுக்கு அவள ஏத்தி விட்டுடாத" என்று சொல்லியாகிவிட்டது. வரலாம், தப்பில்லை. ஆனால் குடியிருக்கிற திருவண்ணாமலையையே சைக்கிளில் சுற்றிப் பார்க்காதவள், இருபது கிலோமீட்டர் லாரிகளோடு மல்லுக்கட்டி வந்து இங்கே என்னத்தைப் பார்க்கப்போகிறாய்? முதலில் ஊரைச் சுற்று.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறேனே என்பாய். அந்தக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்க முடியும். சாதாரண நாளில், பொழுது விடிந்ததும் கிளம்பு. பாதை 14 கிலோமீட்டர். மலை எப்போதும் உன் வலக்கைப் பக்கம் இருக்கும், வழி தப்பாது. அரசாங்க சைக்கிள் கொஞ்சம் கனம்தான், இந்தச் சமதளத்துக்கு அது போதும். முந்தின நாள் மாலையே காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிடு. சீட்டில் உட்கார்ந்து பெடலை அடிவரை மிதித்தால் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டினால் மறுநாள் மூட்டு வலி.

பெரிய கோயிலிலிருந்து ஆரம்பி. வல்லாள கோபுரத்தை எத்தனையோ முறை கடந்திருப்பாய், வல்லாளன் யாரென்று கேட்டிருக்கிறாயா? கன்னட நாட்டு ஹொய்சள அரசன், மூன்றாம் வீர வல்லாளன். 1311-ல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை அவன் தலைநகரான துவாரசமுத்திரத்தைச் சூறையாடியது. பின்னாளில் அவன் திருவண்ணாமலையையே தன் தலைநகர்களில் ஒன்றாக்கிக்கொண்டான். மதுரை சுல்தானோடு மோதி 1342-ல் செத்தான். பிள்ளையில்லாத ராஜா என்று கோயில் கதை சொல்லும் அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். வெளியூரிலிருந்து வந்தவனுக்கு ஊர்ச் சாமி கொள்ளி வைத்த பிள்ளை முறையில் நின்று திதி கொடுக்கிற வழக்கம் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் ஹம்பிக்காரர், முடித்த சேவப்ப நாயக்கர் தஞ்சாவூர்க்காரர். கோபுர வாசலில் சைக்கிளை நிறுத்த இடம் தேடி அலையாதே, வெளியிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் புறப்படு.

தேரடித் தெருவில் மெதுவாகப் போ. காசிப் பக்கத்திலிருந்து 1959-ல் இங்கே வந்த யோகி ராம்சுரத்குமார், அந்தத் தெருவின் பாத்திரக்கடைத் திண்ணைகளில்தான் வருடக்கணக்கில் இரவு படுத்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் புன்னைமரத்தடி அவருடைய பகல் இருப்பிடம். விசிறியும் கொட்டாங்குச்சியுமாக அலைந்தவரை ஊர் விசிறி சாமியார் என்றது. இன்று அவர் பெயரில் பெரிய ஆசிரமம் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தத் திண்ணைகள்தான் முக்கியம்.

அக்னி லிங்கம் தாண்டிச் செங்கம் சாலை பிடித்தால் ரமணாசிரமம். இங்கே இறங்கி, நிறைய நேரம் செலவிடு. முன்முற்றத்தில் நிற்கும் பெரிய இலுப்பை மரத்தடியில் முதலில் நில். ஆசிரமத்துக்கு முன்பே அங்கே இருந்த மரம் அது, கட்டடங்கள்தான் அதைச் சுற்றி வந்து அமர்ந்தன. ரமணர் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயதில், மதுரையிலிருந்து வந்தவர். உன் வயதுதான். பழைய அட்லஸில் திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன் என்று பார்த்து அங்கே வரைக்கும் டிக்கெட் எடுத்தார், நடுவே விழுப்புரத்தில் இறங்கிக்கொண்டார். கடைசியில் கடுக்கனை அடகு வைத்துத் திருக்கோவிலூரில் ரயிலேறினார். திண்டிவனத்திலேயே இறங்கி நடந்திருந்தால் நம்ம ஊர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூருக்குத் தவறிப்போன அந்தப் பெருமையை நினைத்து நான் அவ்வப்போது பெருமூச்சு விடுவதுண்டு.

அவரைத் தேடி வந்தவர்களின் ஊர்களைக் கூட்டினால் ஒரு பூகோளப் பாடமே நடத்தலாம். லண்டன்காரர் பால் பிரண்டன் அவரைச் சந்தித்து எழுதிய புத்தகம் 1934-ல் வெளிவந்தது. அதைப் படித்த ஆங்கிலேய ராணுவ மேஜர் சாட்விக் 1935-ல் வந்தார், திரும்பிப் போகவில்லை. 1962-ல் இறந்தார். ஆசிரமத்திலேயே அவருக்குச் சமாதி உண்டு. இன்னொரு ஆங்கிலேயர் ஆர்தர் ஆஸ்பர்ன் இரண்டாம் உலகப் போரில் பாங்காக்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தபோது, போலந்துக்காரியான அவர் மனைவியும் குழந்தைகளும் உன் ஊரில்தான் காத்திருந்தார்கள். மனிதர்களோடு விட்டுவிடாதே. குடியாத்தம் பக்கத்திலிருந்து 1926-ல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசுவுக்கு அங்கே சமாதி இருக்கிறது, ரமணரே எழுதிய பாடலோடு. முற்றத்தில் மயில்கள் அலைகிற இடத்தில் நின்று பார். 1947-ல் பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயிலும் இங்கே வந்து சேர்ந்தது.

ஆசிரமத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பின்பக்கமாக மலைமேல் நடந்தால் கந்தாசிரமம். விரூபாட்ச குகையும் அந்த வழியில்தான், அந்தக் குகையில் இருந்த விரூபாட்சரும் கன்னட நாட்டிலிருந்து வந்தவர் என்றே சொல்வார்கள். கந்தாசிரமத்தில் தென்னையும் மாவுமாக அந்த நிழலைப் பார்த்ததும் மலை தானாகத் தந்தது என்று தோன்றும். இல்லை. நூறு வருடத்துக்கு முன் அது சப்பாத்திக்கள்ளி மண்டிய சரிவு. கந்தசாமி என்ற அன்பர் ஒற்றை ஆளாகக் கள்ளியை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, செடி வைத்தார். அவர் வெட்டிய கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்பதை நினைத்துக்கொள். வந்தது எல்லாம் நல்லதென்றோ கெட்டதென்றோ சட்டம் போட முடியாது.

மலை முழுக்க இதே கதை. 1980-களில் விறகுக்கு வெட்டியும் ஆடு மாடு மேய்ந்தும் கோடையில் தீப்பிடித்தும் மலை மொட்டையாகக் கிடந்தது. அப்போது அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்று ஆரம்பித்தார்கள். பிறகு தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, மருதம் பள்ளிப் பிள்ளைகள் என்று கைகள் கூடின. உள்ளூர்க்காரர், வடநாட்டவர், வெள்ளைக்காரர் எல்லோரும் அதில் உண்டு. மிச்சமிருக்கும் காடுகளில் விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, ஐப்பசி கார்த்திகை மழையில் கொண்டுபோய் நடுவார்கள். நட்டால் மட்டும் போதாது. மலைச்சரிவில் ஆளுயரத்துக்கு வளரும் புல், மாசி பங்குனியில் காய்ந்து நிற்கும். ஒரு பீடித்துண்டு போதும். அதனால் தீ தாண்டாதபடி புல்லைச் சீவிப் பட்டை பட்டையாக வெறும் தரை விடுவார்கள். அதையும் மீறிப் பிடித்தால், பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைக்கிறார்கள், பெரும்பாலும் இரவில்.

செங்கம் சாலையிலிருந்து பாதை வலப்புறம் பிரிந்ததும் சத்தம் குறையும். அங்கே மரங்களைக் கூர்ந்து பார். ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே இடைவெளியில் நின்றால் நட்டவை. அடிமரத்தைச் சுற்றி மழைநீரைப் பிடிக்க அரைவட்டமாகக் கல் அடுக்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழையாதே, புள்ளிமான் பாதைக்கே வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தியந்தலிலும் அடி அண்ணாமலையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடியுரிமை இன்னும் பலருக்குக் கிடைத்தபாடில்லை. சாமியார்களாக வந்தவர்களுக்குக் கோயில் கட்டிய ஊர், குடும்பத்தோடு வந்தவர்களை ஊரோரத்தில் வைத்திருக்கிறது. அது நின்று எட்டிப் பார்க்கிற இடமில்லை. உன் வகுப்புத் தோழி யாராவது அங்கிருந்து வந்தால், அவள் கூப்பிட்டால், போ.

ஈசான்ய லிங்கத்துக்கு வந்தால் சுற்று முடிந்தது. ஊருக்குள் திரும்பும்போது டேனிஷ் மிஷன் பள்ளியையும் ஒரு பார்வை பார். டென்மார்க்கிலிருந்து வந்த பாதிரிமார் தொடங்கியது.

இதெல்லாம் முடிந்தபின் இங்கே வா. திண்டிவனம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறமாகவே ஓட்டி வா. வழியில் இப்போது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்துக்கொண்டிருப்பார்கள், அது தென்னமெரிக்காக்காரி. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, குளிர்காலப் பறவைகளும் வந்திருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் கிழக்கே செஞ்சிக்கும் போகலாம். தேசிங்கு ராஜன், சிவாஜி என்று அங்கேயும் வந்தவர் கதைதான். 2025-ல் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சிக் கோட்டையையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.

சோமாசிபாடி முருகன் கோயில் வரை நானும் எதிரே வந்து நிற்கிறேன். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே. காற்றுப் பம்பு என்னிடம் இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் சாமானும் தண்ணீரும் நீ எடுத்து வா.

அன்புடன்,
மாமா