மூன்றரை மணித்தியாலப் பயணமா?

வாப்பா ஜித்தாவுக்குப் புறப்பட்டபோது, “காலை 10 மணிக்கு விமானம்; 1.30க்கு இறங்கிவிடுவேன்” என்றார். மூன்றரை மணித்தியாலம் என்று கணக்கிட்டுத் தொலைபேசியருகே காத்திருந்தேன். 3 மணியாகியும் அழைப்பில்லை. உம்மா தஸ்பீஹை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். 4 மணிக்குப் பின்னரே வாப்பாவின் குரல் கேட்டது.

தவறு என் கணக்கில்தான். கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். மணிக்குச் சராசரி 775 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் 6 மணித்தியாலம் வேண்டும். சவூதி நேரமோ நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. வாப்பா சொன்ன 1.30 அங்குள்ள நேரம். அப்போது இங்கு 4 மணி.

தோழியரே, பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிய பின்பே கழியுங்கள். வாப்பா அங்கிருந்து 10 மணிக்குப் புறப்பட்டால், இங்கு இறங்குவது மாலை 6.30க்கு. அவர் திரும்பும் நாளில் உம்மா பதறாமல் மஃரிப் தொழுவார், இன்ஷா அல்லாஹ்.