தேய்ந்த வண்ணமும் மீட்கும் முறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

என் தந்தையார் பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். சென்ற கோடை விடுமுறையில் ஒரு தேநீர்க் கடையின் பலகை புதுப்பிக்க வந்தது. அழுக்கைப் போக்க எண்ணித் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். அழுக்கோடு இரண்டு எழுத்துகளும் வந்துவிட்டன. தந்தையார் தொழில் கற்றபின் தனியாக எழுதிய முதல் பலகை அது. அவர் கோபிக்கவில்லை. "கெமிஸ்ட்ரி படிக்கிறியேப்பா, எது எதைக் கரைக்கும்னு அங்கே சொல்லித்தரலையா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு விடை தேடியபோது, பின்பால் இயந்திரத்தின் தேய்ந்த ஓவியத்தைச் சீர்செய்யும் முறையைப் படிக்க நேர்ந்தது. அதையே இங்குத் தருகிறேன்.

இயந்திரம்

பின்பால் என்பது அமெரிக்காவில் காசு போட்டு ஆடும் ஆட்டம். சிக்காகோ நகரமே இத்தொழிலின் தலைமையிடமாக விளங்கியது. சாய்வான பலகையில் உருண்டுவரும் எஃகுக் குண்டை, கீழே விழாமல் துடுப்புகளால் மேலே தட்டிவிட வேண்டும். 1947-இல் வெளிவந்த 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் இயந்திரத்தில்தான் மின்சாரத்தால் இயங்கும் இத்துடுப்புகள் முதலில் இடம்பெற்றன. சூதாட்டம் எனக் கருதி நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடை செய்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன் ஆடிக்காட்டி, இது திறமையின் ஆட்டமே என மெய்ப்பித்தார், தடையும் நீங்கியது.

தேய்வது ஏன்?

ஆடுகளம் ஒட்டுப்பலகையால் ஆனது. அதன்மேல் நிறம் நிறமாகத் திரை அச்சு முறையில் ஓவியம் பதிப்பார்கள். பழைய இயந்திரங்களில் அதற்கு மேல் மெல்லிய லாக்கர் பூச்சு மட்டுமே உண்டு. குண்டின் விட்டம் சுமார் 27 மில்லிமீட்டர். எடை சுமார் 80 கிராம். அவ்வளவு எடையும் ஊசிமுனை போன்ற ஓரிடத்தில் தாங்குகிறது. குண்டில் கீறல் விழுந்தால் அதுவே உப்புத்தாளாகிவிடும். முதலில் லாக்கர், பிறகு வண்ணம், கடைசியில் மரம் என வரிசையாகத் தேயும். எனவே கீறல் விழுந்த குண்டை மாற்றுவதே முதல் வைத்தியம்.

செய்முறை

1. தூய்மை செய்தல்: நாப்தா, மெழுகையும் எண்ணெய் அழுக்கையும் கரைக்கும். அசிட்டோன் லாக்கரையும் மையையும் சேர்த்துக் கரைத்துவிடும். தண்ணீர் பட்டால் வெறும் மரத்தின் இழைகள் எழும்பும். எதையும் மறைவான ஓர் ஓரத்தில் சோதித்த பிறகே கையாள வேண்டும்.

2. காத்தல்: வண்ணம் தீட்டுவதற்கு முன், எஞ்சியுள்ள ஓவியத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றைப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு நம் கை பிசகினாலும் ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம். பழைய வண்ணம் பூச்சின் அடியில் பத்திரமாக இருக்கும்.

3. நிறம் பொருத்துதல்: அக்ரிலிக் வண்ணம் காய்ந்ததும் சற்றுக் கருக்கும். ஆகவே கண்ணாடித்தாளில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, ஓவியத்தின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். பழைய லாக்கர் மஞ்சளித்திருப்பதால், வெள்ளையிலும் துளி மஞ்சள் கலக்க நேரும். விடுபட்ட இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும். கறுப்புக் கோடுகளைக் கடைசியில் வரைய வேண்டும்.

4. மேற்பூச்சு: இறுதியில் உறுதியான தெளிபூச்சு பூசி, மென்மையான உப்புத்தாளால் தேய்த்து மெருகிடுவர். இருபகுதி பாலியூரித்தேன் பூச்சில் ஐசோசயனேட் உள்ளது. அதன் ஆவியும் தூறலும் ஆஸ்துமாவை உண்டாக்கும். துணியால் மூக்கை மூடிக்கொள்வது இதற்குப் போதாது. தக்க சுவாசக் கவசம் இல்லாதவர் இதைத் தெளிக்கவே கூடாது.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் தேநீர்க் கடைப் பலகையை மீண்டும் எடுத்தோம். எஞ்சிய எழுத்துகளுக்கு முதலில் தெளிபூச்சு பூசினோம். நான் நிறம் கலந்தேன். அழிந்த இரண்டு எழுத்துகளைத் தந்தையார் எழுதினார். நிறம் பொருந்திவிட்டது. ஆனால் அவை இன்றைய கையின் எழுத்துகள். மற்றவை அன்றைய கையின் எழுத்துகள். கடைக்காரருக்கு வேறுபாடு தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

நண்பர்களே, பழைய பொருள் எதையேனும் சீர்செய்ய முனையும்போது, முதலில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுங்கள். போனதை நிரப்புவது அதற்குப் பிறகுதான்.