தேர்த்துகள் எண்ணின் பகுப்பும் கீழ்வாயிலக்கப் பட்டியலின் பாடத்திருத்தமும்

முன்னுரை

தமிழ்க் கணக்கு மரபு முழு எண்களை மேல்வாயிலக்கம் எனவும் பின்னங்களைக் கீழ்வாயிலக்கம் எனவும் வழங்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரியின் 320இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதனினும் நுணுகிச் செல்லும் அளவுகளின் எல்லை தேர்த்துகள் ஆகும். ஒன்றை 2323824530227200000000 கூறிட்டால் அதில் ஒரு கூறே தேர்த்துகள். இவ்வெண்ணின் பண்புகளைக் கொண்டு, இன்று பரவலாக எடுத்தாளப்படும் பட்டியலில் நான்கு பிழைகளைத் திருத்த இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

வாய்பாடும் காரணிகளும்

மரபு வாய்பாட்டின்படி கீழ்முந்திரி 21 இம்மி. இம்மி 11 மும்மி. மும்மி 7 அணு. அணு 9 குணம். குணம் 5 பந்தம். பந்தம் 6 பாகம். பாகம் 7 விந்தம். விந்தம் 17 நாகவிந்தம். நாகவிந்தம் 14 சிந்தை. சிந்தை 20 கதிர்முனை. கதிர்முனை 40 குரல்வளைப்படி. குரல்வளைப்படி 60 வெள்ளம். வெள்ளம் 100 நுண்மணல். நுண்மணல் 6½ தேர்த்துகள்.

இவற்றை 102400 என்னும் கீழ்முந்திரி எண்ணோடு பெருக்கினால் மேற்சுட்டிய 22 இலக்க எண் பிசகின்றிக் கிடைக்கிறது. அதன் பகாக் காரணிகள்: 2 (இருபத்திரண்டு முறை), 3 (ஐந்து முறை), 5 (எட்டு முறை), 7 (நான்கு முறை), 11, 13, 17 (ஒவ்வொரு முறை). எனவே 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் அது மீதியின்றி வகுபடும். வகுபடாத முதல் எண் 19. மேலும் 11 மும்மியாலும், 17 நாகவிந்தத்தாலும், 13 நுண்மணலின் ஆறரையாலும் மட்டுமே நுழைகின்றன. ஆறரையை ஆறு எனப் பாடங்கொண்டால் 13 என்னும் காரணி மறைந்துவிடும்.

பட்டியலின் பிழைகள்

வழக்கிலுள்ள பட்டியல் சிந்தைக்கு 74481555456000 எனச் சரியாகவே தருகிறது. அடுத்துவரும் கதிர்முனைக்கு 489631109120000 என்கிறது. முன்னதால் பின்னதை வகுத்தால் 20 வருவதற்கு மாறாக 6½ஐச் சற்றே கடந்த பின்னம் வருகிறது. குரல்வளைப்படி 9585244364800000, வெள்ளம் 575114661888000000, நுண்மணல் 57511466188800000000 என்பனவும் வாய்பாட்டோடு பொருந்தவில்லை.

இப்பிழையின் இயல்பை ஒன்பதின் சோதனை காட்டுகிறது. இம்மியின் 21 ஒரு மூன்றையும் குணத்தின் 9 இரு மூன்றுகளையும் தருவதால், குணம் முதலாக எல்லா எண்களும் ஒன்பதால் வகுபடவேண்டும்; அவற்றின் இலக்கக் கூட்டுத்தொகையும் அவ்வாறே அமையவேண்டும். மேற்கண்ட நான்கின் கூட்டுத்தொகைகள் முறையே 44, 58, 60, 60. ஒன்பதின் மடங்காக இவற்றுக்கு வேண்டுவன 1, 5, 3, 3. இவ்விலக்கங்களை இடக்கோடியில் சேர்த்தால் 1489631109120000, 59585244364800000, 3575114661888000000, 357511466188800000000 என்னும் எண்கள் கிடைக்கின்றன. வாய்பாட்டுப் பெருக்கம் தருவனவும் இவையே. இறுதி எண்ணை 6½ஆல் வகுத்தாலும் திருந்திய நுண்மணல் எண்ணே வருகிறது.

முடிவுரை

நான்கு வரிகளிலும் இடக்கோடி இலக்கம் ஒன்றே விடுபட்டுள்ளது. கணக்கிட்டவர் பிழை எனில் தேர்த்துகள் எண்ணும் கெட்டிருக்கும். ஆகவே இது படியெடுப்பில் நேர்ந்த பிழை எனக் கொள்வதே பொருந்தும். திருத்தாத பட்டியலின்படி நுண்மணலில் நாற்பதுக்கு மேற்பட்ட தேர்த்துகள் அடங்கும். மரபு கூறும் ஆறரை பொய்யாகிவிடும். தமிழரின் நுண்ணளவையைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவோர் முதலில் அதன் வாய்பாட்டால் எண்களைச் சரிபார்த்தல் வேண்டும். எண்சார்ந்த பாடங்களில் வகுபடுதன்மை, செய்யுளுக்கு யாப்புப் போல, பாடம் காக்கும் சான்றாகிறது.